அபாயச் சங்கிலியின் மொழி: தொடர்வண்டிப் பெட்டியும் பாதுகாப்புணர்வும்

1. முன்னுரை

பொது இடத்தில் ஒருவர் அச்சமின்றி இருப்பதற்கு அவ்விடத்தின் அமைப்பும் அங்குள்ள கருவிகளும் பெரிதும் காரணமாகின்றன. சுவர், கதவு, சன்னல், விளக்கு, மணி ஆகிய ஒவ்வொன்றும் அங்கிருப்பவரின் மனத்தில் துணிவையோ கலக்கத்தையோ விளைவிக்கின்றன. ஆயின் அக்கருவிகளின் அருகே எழுதப்பெறும் சொற்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது அத்துணைக் கவனம் பெறுவதில்லை. கருவியைச் செய்தவர் பொறியாளர். அதன் அருகே உள்ள சொற்களை எழுதியவர் சட்ட வரைவாளர். பிற மொழிகளில் அவற்றைத் தந்தவர் மொழிபெயர்ப்பாளர். ஆபத்து நேரும்போது இம்மூவர் பணியும் ஒரே கணத்தில் சோதனைக்கு உள்ளாகின்றன.

தொடர்வண்டிப் பெட்டியில் உள்ள அபாயச் சங்கிலி, மகளிர் பெட்டி ஆகிய இரண்டன் வரலாற்றையும் எடுத்துக்கொண்டு, கருவியும் அதன் மொழியும் சேர்ந்தே பாதுகாப்புணர்வை உண்டாக்குகின்றன என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 'பாதுகாப்பு' என்னும் சொல்

வரலாற்றிற்குள் புகுமுன் ஒரு சொற்சிக்கலைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' என்பன இரு வேறு சொற்கள். இந்திய ரயில்வே நிர்வாகத்தில் இவ்வேறுபாடு துறைகளின் பிரிவினையாகவே அமைந்துள்ளது. தண்டவாளம், கைகாட்டி, பிரேக் முதலியவற்றின் பழுதால் விளையும் விபத்துகளைப் பற்றியது முன்னது. திருட்டு, தாக்குதல் முதலிய மனிதச் செயல்களைப் பற்றியது பின்னது. விபத்துகளை ஆராயும் ஆய்வாளர் அமைப்பு 1941இல் ரயில்வே வாரியத்தினின்று பிரிக்கப்பட்டுப் பின்னர் 1961இல் ஆணையமாகப் பெயர் மாற்றம் பெற்றது. குற்றங்களைத் தடுக்கும் படையோ 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. தமிழில் முன்னவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். பின்னவர் ரயில்வே பாதுகாப்புப் படையினர். ஆங்கிலத்தில் 'சேஃப்டி', 'புரொடெக்‌ஷன்' என வேறுபட்டு நிற்கும் இருவரும் தமிழில் ஒரே சொல்லின்கீழ் வந்துவிடுகின்றனர்.

இது தமிழின் சொல்வளக் குறையால் நேர்ந்தது அன்று. காப்பு, காவல், அரண், ஏமம் எனப் பல சொற்கள் பழந்தமிழில் வழங்கின. இவற்றுள் 'ஏமம்' என்பது குறிப்பிடத்தக்கது. அது பாதுகாவலையும் குறிக்கும், இன்பத்தையும் குறிக்கும். காக்கப்படுதலும், காக்கப்படுகிறோம் என்னும் உணர்வால் மனம் மகிழ்தலும் ஒரே சொல்லில் இணைந்து நிற்கின்றன. இற்றைத் தமிழில் 'பாதுகாப்பு' என்பது நிலையை மட்டும் சுட்டுவதால், உணர்வைச் சுட்ட 'பாதுகாப்புணர்வு' எனத் தனியே ஒரு தொடரை ஆக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. நிலையும் உணர்வும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

3. அறையின் தனிமை

ஐரோப்பாவில் முதன்முதலில் அமைந்த பயணிகள் பெட்டி குதிரை வண்டியின் உருவத்தையே பின்பற்றியது. எதிரெதிரே இரு இருக்கைகள், இரு பக்கமும் கதவுகள் எனக் குதிரை வண்டியின் உடலே சிறு சிறு அறைகளாகத் தொடர்ந்து வைக்கப்பட்டது. அறைக்கும் அறைக்கும் இடையே வழியில்லை. வண்டி புறப்பட்டபின் அடுத்த நிலையம் வரும்வரை உள்ளிருப்பவர் வெளியே செல்லவோ பிறர் உள்ளே வரவோ இயலாது. அமெரிக்காவிலோ நடுவே நடைவழியுடன் கூடிய நீண்ட பெட்டியே பெருவழக்காயிற்று. இவ்விருவகை அமைப்புகளும் பயணிகளின் மனநிலையில் உண்டாக்கிய வேறுபாட்டை ஜெர்மானிய வரலாற்றறிஞர் வொல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார்.

தனியறை தொடக்கத்தில் வசதியின் அடையாளமாகவே கருதப்பட்டது. 1860 திசம்பரில் பிரான்சில் புவான்சோ என்னும் தலைமை நீதிபதி ஓடும் வண்டியில் கொல்லப்பட்டுக் கிடந்ததும், 1864 ஜூலை 9 அன்று இலண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்னும் முதிய வங்கி அலுவலர் தாக்கப்பட்டு இறந்ததும் அக்கருத்தை மாற்றின. பிரிக்ஸ் கொலைக்காக ஃபிரான்ஸ் முல்லர் என்னும் ஜெர்மானியத் தையற்காரர் அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஓடும் வண்டிகளில் நிகழ்ந்த கொலைகள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. எனினும் அச்சம் எண்ணிக்கையைப் பொறுத்ததாக இல்லை. கூவினாலும் கேட்பார் இல்லை என்னும் எண்ணமே அச்சத்தின் வேராயிற்று. அதுவரை பயணியைப் பிறரிடமிருந்து காத்த அதே சுவர், உதவிக்கு வருவோரையும் தடுக்கும் என்பது அப்போதுதான் உணரப்பட்டது.

இவ்வச்சத்தைப் போக்க முதலில் செய்யப்பட்டது எளிய மாற்றம். அறைகளுக்கு இடையிலான தடுப்பில் சிறு துளைகள் இடப்பட்டுக் கண்ணாடி பொருத்தப்பட்டது. மக்கள் அதனைக் கொலையாளியின் பெயரால் 'முல்லர் விளக்கு' என்றனர். ஆனால் அடுத்த அறையினர் தம்மை நோக்குவதைப் பயணிகள் விரும்பவில்லை. பிறர் பார்வை காவலாகவும் இருக்கும், தொல்லையாகவும் இருக்கும் என்னும் முரண்பாடு அன்றே தோன்றிவிட்டது. கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றி இன்று எழும் விவாதத்தின் முன்வடிவம் இதுவே எனலாம்.

4. கயிறும் சங்கிலியும்

1868ஆம் ஆண்டின் பிரித்தானிய ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு ஒரு தீர்வை வகுத்தது. நில்லாமல் 20 மைலுக்கு மேல் செல்லும் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் பயணிகளுக்கும் வண்டிப் பொறுப்பாளருக்கும் இடையே தொடர்புகொள்ள ஒரு வழி அமைக்கப்படல் வேண்டும் என அதன் 22ஆம் பிரிவு விதித்தது. அதன்படி பெட்டிகளின் வெளிப்புறத்தில், கூரை விளிம்பை ஒட்டி ஒரு கயிறு ஓடியது. பயணி சன்னல் வழியே கையை நீட்டி அதனை இழுத்தால் கார்டின் பெட்டியில் மணி ஒலிக்க வேண்டும். நீண்ட வண்டிகளில் கயிறு தளர்ந்து நின்றமையால் பல வேளைகளில் மணி ஒலிக்கவில்லை. கருவி இருந்தது, நம்பிக்கை ஏற்படவில்லை.

இக்குறையை நீக்கியது வேறொரு காரணத்துக்காக உருவான கருவியாகும். 1889 ஜூன் மாதம் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, வண்டியினின்று பிரிக்கப்பட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு மற்றொரு வண்டியில் மோதி ஏறத்தாழ 80 பேர் இறந்தனர். அதனைத் தொடர்ந்து அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், வண்டி முழுவதிலும் ஒருசேர இயங்கும் தொடர் பிரேக்கைப் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. பெட்டிதோறும் ஓடும் பிரேக் குழாயோடு பெட்டியின் உட்புறச் சங்கிலியை இணைத்தபோது கயிற்றின் இடத்தைச் சங்கிலி பெற்றது.

அதன் இயக்கம் எளிது. வெற்றிட பிரேக் உள்ள வண்டியில் சங்கிலியை இழுத்தால் குழாய்க்குள் காற்று நுழையும். காற்றழுத்த பிரேக் உள்ள வண்டியில் குழாயினின்று காற்று வெளியேறும். இரு முறையிலும் குழாயின் நிலை மாறுவதை ஓட்டுநர் தம் அளவியில் காண்கிறார். பிரேக்கும் பிடிக்கத் தொடங்குகிறது. எந்தப் பெட்டியில் இழுக்கப்பட்டது என்பதைப் பெட்டியின் கோடியில் திரும்பி நிற்கும் ஓர் அடையாளம் காட்டிவிடும்.

மனிதனைப் பற்றிய அச்சத்தால் வேண்டப்பட்ட கருவி, எந்திரத்தைப் பற்றிய அச்சத்தால் பிறந்த கருவியைச் சார்ந்தே பயன் தந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' என நிர்வாகம் பிரித்துப் பார்க்கும் இரண்டும் சங்கிலியில் ஒன்றுபடுகின்றன. தமிழின் 'பாதுகாப்பு' என்னும் ஒரே சொல் இவ்விடத்தில் குறையாகாமல் பொருத்தமாகவே அமைகிறது. ஆயினும் துறைகளைச் சுட்டுமிடத்து மொழிபெயர்ப்பாளர் 'விபத்துக் காப்பு' என்றும் 'குற்றக் காவல்' என்றும் வேறுபடுத்தாவிடின் பொருள் மயங்கும்.

5. சுவரில் எழுதிய சட்டம்

1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பிரிவு இரு தண்டனைகளைக் கூறியது. தொடர்பு வழியை அமைக்கத் தவறும் நிறுவனத்துக்கு 10 பவுன் வரை தண்டம். 'ரீசனபிள் அண்டு சஃபிஷியண்ட் காஸ்' இன்றி அதனைப் பயன்படுத்தும் பயணிக்கு 5 பவுன் வரை தண்டம். பெட்டியின் சுவரில் எழுதப்பட்டது பயணிக்குரிய தண்டம் மட்டுமே. நிறுவனத்தின் கடமை சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது.

இத்தொடர் சிறிதும் மாறாமல் இந்தியா வந்து சேர்ந்தது. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தின் 62ஆம் பிரிவு, தொடர்பு வழியை அமைக்குமாறு நிர்வாகத்தைப் பணிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 108ஆம் பிரிவு, தக்க காரணமின்றி அதனைப் பயன்படுத்துவோர்க்கு 50 ரூபாய் வரை தண்டம் விதித்தது. 1989ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடர்பு வழியை அமைத்தல் நிர்வாகத்தின் கட்டாயக் கடமையாயிற்று. அச்சட்டத்தின் 141ஆம் பிரிவு தண்டத்தை 1000 ரூபாயாகவும் சிறைத் தண்டனையை ஓராண்டு வரையிலும் உயர்த்தியது. கருவி தவறாகப் பயன்படுத்தப்படுவதாகத் தெரிந்தால் ஒரு வண்டியில் அதனைத் துண்டித்து வைக்கவும் நிர்வாகத்துக்கு இச்சட்டம் உரிமை தந்தது. 121 ஆண்டுகளில் நாடும் நாணயமும் ஆட்சியும் மாறின. அவ்விரு அடைமொழிகள் மட்டும் மாறவில்லை.

பெட்டியில் காணும் அறிவிப்பை மொழியியல் நோக்கில் பகுத்தால் அது இரு பகுதிகளை உடையது எனத் தெரியும். வண்டியை நிறுத்தச் சங்கிலியை இழுக்கலாம் என்பது முதற்பகுதி; தக்க காரணமின்றி இழுத்தால் தண்டனை உண்டு என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதி பயணியின் கையில் ஓர் ஆற்றலைத் தருகிறது. இரண்டாம் பகுதி அக்கையைத் தயங்கச் செய்கிறது. எவை தக்க காரணங்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டேனும் அங்கு இல்லை. காரணம் தக்கதா என்பதை நீதிமன்றம் பின்னர் ஆராய்ந்து முடிவு செய்யும். ஆபத்தில் இருப்பவரோ அதனைச் சில நொடிகளில் தாமே முடிவு செய்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இச்சிக்கல் மேலும் புலனாகிறது. 'ரீசனபிள்' என்பது நடுநிலையான மனம் ஏற்கத்தக்கது என்னும் பொருளையும், 'சஃபிஷியண்ட்' என்பது செயலின் அளவுக்கு ஏற்ற கனமுடையது என்னும் பொருளையும் தருவன. 'நியாயமான, போதுமான காரணம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சட்டத்துக்கு நேர்மையாக இருக்கும். அச்சத்தில் இருப்பவர்க்கு எதுவும் விளங்காது. 'தக்க காரணம்' எனச் சுருக்கினால் படிப்பது எளிதாகும். ஆனால் இரு அளவுகோல்கள் ஒன்றாகிவிடும். சட்ட நூலில் முதல் வடிவமும் பெட்டியின் சுவரில் இரண்டாம் வடிவமும் இடம்பெறுவதே முறை. இரண்டாம் வடிவத்தோடு 'உயிருக்கு ஆபத்து நேரும்போது' என்பது போன்ற ஒரு தொடரைச் சேர்த்தால், அறிவிப்பு தவறு செய்வோரை மட்டும் எச்சரிக்காமல் உதவி வேண்டுவோரையும் நோக்கிப் பேசும்.

தொடர்வண்டி மொழி எல்லைகளைக் கடந்து செல்வது என்பதும் கருதத்தக்கது. நிலையப் பெயர்ப் பலகையின் மொழி வட்டாரத்துக்கு ஏற்ப மாறும்; பெட்டியினுள் உள்ள அறிவிப்பு மாறாது. சென்னையிலிருந்து தில்லி செல்லும் வண்டி தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி வழங்கும் பகுதிகளைக் கடக்கிறது. தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழி அறிவிப்பைக் கொண்ட பெட்டியில் தெலுங்கு மட்டும் அறிந்த ஒருவர்க்கு அச்சிவப்புக் கைப்பிடியின் நிறமே அறிவிப்பு. அங்கு வடிவமைப்பு மொழியின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது.

6. மகளிர் பெட்டி: சுவரும் சொல்லும்

இந்தியாவில் பெரும்பாலான பயணிகளின் அனுபவம் தனியறையின் தனிமை அன்று. மூன்றாம் வகுப்பின் நெரிசலே ஆகும். காந்தியடிகள் 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணம் குறித்து எழுதிய சிறுநூல் அந்நெரிசலையும் தூய்மைக் கேட்டையும் எடுத்துரைத்தது. எனவே இங்குப் பாதுகாப்புக்கான வடிவமைப்பு வேறு திசையில் சென்றது. ஐரோப்பாவில் சுவரைத் துளைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் சுவரை எழுப்ப வேண்டியிருந்தது.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, 1891 ஜனவரி முதல் நாள் தொடங்கி ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையேனும் பெண்களுக்கென ஒதுக்கப்படல் வேண்டும் என்றது. வண்டி 50 மைலுக்கு மேல் செல்லுமாயின் அவ்வறைகளுள் ஒன்றில் கழிப்பறையும் அமைதல் வேண்டும் என்றது. அச்சத்தோடு உடலின் தேவையையும் இணைத்துப் பார்த்த இவ்விதி, பாதுகாப்புணர்வு காவலால் மட்டும் அமைவதன்று என்பதை உணர்ந்து எழுதப்பட்டது எனலாம்.

இப்பிரிவின் மொழியும் ஆராயத்தக்கது. சட்டத்தின் சொல் 'ஃபீமேல்ஸ்'. பெட்டியின் மீது ஆங்கிலத்தில் எழுதப்படும் சொல் 'லேடீஸ்'. முன்னது பாலினத்தை மட்டும் குறிக்கும். பின்னது மதிப்பையும் உணர்த்தும். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் தலைப்பு 'லேடீஸ்' என்றும் உட்பகுதி 'ஃபீமேல்ஸ்' என்றும் அமைந்து, இரு சொற்களும் ஒரே பிரிவில் காணப்படுகின்றன. தமிழில் 'பெண்கள்', 'மகளிர்' என இரண்டும் வழங்குகின்றன. 'பெண்கள்' என்பது அனைவர்க்கும் விளங்கும் சொல். 'மகளிர்' என்பது எழுத்து வழக்கின் மதிப்பைப் பெற்றது. விரைந்து வரும் வண்டியில் தம் பெட்டியைத் தேடி ஓடும் ஒருவர்க்கு எச்சொல் முதலில் கண்ணில் படும் என்பதே இங்கு அளவுகோலாதல் வேண்டும்.

1992 மே 5 அன்று மும்பையில் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே பெண்களுக்கென முழு வண்டியே விடப்பட்டது. ஆனால் நெரிசல் வேளையில் துணிவு தந்த அதே பெட்டி, இரவில் ஆளின்றி ஓடும்போது 1864ஆம் ஆண்டின் தனியறையை ஒத்ததாகிவிடுகிறது. அதனாலேயே இரவு நேரங்களில் மகளிர் பெட்டிகளில் காவலர் உடன் செல்லும் ஏற்பாடு தேவைப்பட்டது. சுவர் மாறவில்லை, சுவருக்குள் இருப்போரின் எண்ணிக்கை மாறியபோது அதன் பொருளும் மாறிற்று.

தில்லி மெட்ரோவில் 2010 அக்டோபர் 2 முதல் வண்டியின் முதற்பெட்டி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு நடந்து செல்லலாம். இடையே கதவோ தடுப்போ இல்லை. நடைமேடையிலும் பெட்டியிலும் உள்ள இளஞ்சிவப்பு அறிவிப்பும் ஒலிபெருக்கியில் எழும் குரலுமே எல்லை. 1891இல் மரத்தாலான சுவர் செய்த வேலையை இங்குச் சொல் மட்டுமே செய்கிறது. சொல்லை அனைவரும் மதிக்கும்வரைதான் அவ்வெல்லை நிற்கும்.

7. பொத்தானும் குரலும்

2012 திசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமை இவ்வரலாற்றை மீண்டும் தொடக்கத்துக்கே கொண்டு சென்றது. மூடிய ஊர்தியின் உள்ளே நடப்பதை வெளியிலிருப்போர் அறிய வழியில்லை என்பதே அங்கும் சிக்கலாயிற்று. 2016 ஏப்ரலில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, 2017 ஜனவரி முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் அபாய அழைப்பு வசதி இருத்தல் வேண்டும் என ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பொதுப் பயணியர் ஊர்திகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் பொருத்துவதற்கான விதி வெளியிடப்பட்டது. 2018 முதல் 112 என்னும் ஒரே அவசர எண் மாநிலந்தோறும் நடைமுறைக்கு வந்தது. 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டிகளில் பயணி வண்டிப் பணியாளரோடு பேசுவதற்கான கருவி அமைக்கப்பட்டது.

இக்கருவிகளின் பெயர்களில் மூவகைப் பெயரீடு காணப்படுகிறது. 'சங்கிலி' என்பது பொருளால் பெற்ற பெயர். 'எமர்ஜென்சி பட்டன்' என்பது சூழலால் பெற்ற பெயர். 'பேனிக் பட்டன்' என்பது பயன்படுத்துவோரின் மனக்கலக்கத்தால் பெற்ற பெயர். 'அபாயச் சங்கிலி' என்னும் தமிழ்த் தொடர் பொருளையும் சூழலையும் இணைத்துக்கொண்டது. 'பேனிக் பட்டன்' என்பதைப் 'பீதிப் பொத்தான்' எனப் பெயர்த்தால், உதவி கேட்பவரைப் பீதியுற்றவராகச் சித்திரிப்பதாகும். 'அவசர உதவிப் பொத்தான்' என்பது விளைவை முன்னிறுத்துவதால் துணிவு தரும். புதிய வகைப் பெட்டிகள் பலவற்றில் சங்கிலி என ஒன்று இல்லை. கைப்பிடி நேரே பிரேக் அடைப்பானை இயக்குகிறது. எனினும் 'செயினைப் பிடித்து இழுத்தார்கள்' என்பதே இன்றும் பேச்சு வழக்கு. பொருள் மறைந்த பின்னும் பெயர் வாழ்வதற்கு இது நல்ல சான்று. அப்பெயர் மக்கள் நாவில் நிலைத்திருப்பதே அக்கருவியின் வலிமையும் ஆகும்.

சங்கிலிக்கும் பேசும் கருவிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சங்கிலி எம்மொழியாருக்கும் ஒரே வகையில் விடை தரும், வண்டி நிற்கும். பேசும் கருவியில் விடை ஒரு மனிதக் குரலாக வருகிறது; அக்குரல் ஏதேனும் ஒரு மொழியில் இருக்கும். பயணியின் மொழி அதுவாக இல்லையெனில் கருவி பழுதின்றி இயங்கியும் உதவி கிட்டாமல் போகலாம். தொழில்நுட்பம் வளருந்தோறும் மொழியின் தேவை குறையும் என எண்ணுவது பொருந்தாது. இங்கு அத்தேவை மிகுதியாகியுள்ளது.

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, பெட்டியின் அமைப்பு தானே அச்சத்தையோ துணிவையோ தருவதன்று. தேவைப்படும்போது ஒருவர் விடையளிப்பார் என்னும் நம்பிக்கையே பாதுகாப்புணர்வாகும். இரண்டாவது, அந்நம்பிக்கை கருவியின் அருகே உள்ள சொற்களால் வலுப்பெறவும் கூடும், குலையவும் கூடும். மூன்றாவது, தண்டனையைச் சொல்லும் தொடர்கள் சட்டத்திலிருந்து சுவருக்கு எளிதில் வந்துவிடுகின்றன; உரிமையையும் கடமையையும் சொல்லும் தொடர்கள் வருவதில்லை.

ஆகவே பொது அறிவிப்பை மொழிபெயர்ப்பவர் மூலத்தின் சொற்களோடு அதனைப் படிக்க நேரும் சூழலையும் மொழிபெயர்த்தல் வேண்டும். ஓடும் வண்டி, மங்கிய விளக்கு, நடுங்கும் கை, சில நொடிகள் ஆகியவையே அச்சூழல். அதனுள் நின்று படிப்பவர்க்கு ஒரே பார்வையில் விளங்கும் தொடரை அமைத்துத் தருவது, நன்கு இயங்கும் பிரேக்கைப் பொருத்தித் தருவதற்கு ஒப்பான பொறுப்பாகும்.